பன்னிரண்டாவது போல்ட்டு

அந்த இரும்பு அறைக்குள் வேறொரு கிரகத்தின் காற்று மாதிரியே ஒரு காற்றை அடைத்து வைத்திருந்தார்கள். நம் மூச்சுக்கு உதவாத, மெலிந்த காற்று. உள்ளே இருந்த பெட்டி அதை இழுத்துப் பிராணவாயுவாக மாற்ற வேண்டும். நாளைக்கு அங்கே போய் இறங்கும் மனுஷர்களுக்கு அதுதான் மூச்சு. அறைக் கதவை மூடிப் பதினாறு போல்ட்டையும் இறுக்குவது, எல்லோரும் 'ஸ்பேனர்' என்று கூப்பிடுகிறவரின் வேலை. இறுக்கிய ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு போட வேண்டும்.

அன்று மத்தியானம் திரையில் பிராணவாயு எண் கிடுகிடுவென ஏறியது. நாலு வருஷமாக அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டிய மேடம் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார்.

"ஸ்பேனரண்ணே, பாத்தீங்களா? நம்ம பெட்டி மூச்சு விடுது!"

கூட வேலை செய்யும் மச்சினன் ஸ்பேனரின் முதுகில் ஒன்று வைத்தான். "என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? அக்காவுக்குத் தெரிஞ்சா தெருவையே கூட்டிருவா!"

ஸ்பேனர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது போல்ட்டு குழாய்க்குப் பின்னால், கை சுலபமாக நுழையாத இடுக்கில் இருந்தது. காலையில் தோள்வலி. விரலால் திருகிவிட்டுக் கோட்டைப் போட்டுவிட்டார். இப்போது கதவோரம் காதை வைத்தால் மெல்லிய சீறல். வெளிக்காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. பெட்டி ஒன்றும் செய்துவிடவில்லை. இந்தக் கூடத்தில் எல்லோரும் இழுத்து விடுகிற காற்றுதான் திரையில் ஏறிக்கொண்டிருந்தது.

"இப்பவே ரிசல்ட்ட மேல அனுப்பிடறேன்" என்று மேடம் குனிந்தார்.

"அனுப்பாதீங்க மேடம்." குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னார். "பன்னெண்டாவத இறுக்கல. கோடு மட்டும் போட்டேன்."

"மாமா சும்மா விளையாடுறாரு மேடம்" என்றான் மச்சினன். "கோடுதான் இருக்கே!"

அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

மேடமே மேசையிலிருந்த ஸ்பேனரை எடுத்து இடுக்கில் கையைவிட்டார். ஒன்றரைச் சுற்று போனது. சீறல் அடங்கியது. ஏறிக்கொண்டிருந்த எண் அப்படியே நின்றுவிட்டது.

"எத்தன தடவ இப்படி?"

அந்தக் கேள்வியில் 'அண்ணே' இல்லை.

இது ஒன்றுதான் என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினார்.

"தோள் வலிக்கிறப்பல்லாம்..."

"எந்தெந்த நாளுன்னு தெரியுமா?"

"தெரியாது மேடம்."

மச்சினன் மெல்ல நகர்ந்து மறுபக்கம் போய் நின்றுகொண்டான்.

"திட்டியாவது விடுங்க மேடம்."

மேடம் திட்டவில்லை. அலமாரியிலிருந்து நாலு வருஷத்துப் பதிவுகளையும் இறக்கி, முதல் பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்கினார். ஸ்பேனரைப் போ என்றும் யாரும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.