வெள்ளிக்கிழமை எத்தனை மாத்திரை

"வேணும்னே சாப்பிட்டாரா, தெரியாம சாப்பிட்டாரா?" டாக்டரம்மா மூன்றாவது தடவையாகக் கேட்டார். பியாட்ரிஸுக்குத் தலை சுற்றியது. புருஷன் கிளமெண்ட் கண்ணெல்லாம் மஞ்சளாகி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறான். இந்தம்மாவுக்குப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்பதுதான் பெரிய கவலை!

"முதுகு வலிக்கு மாத்திரை போடுவாருங்க. அவ்ளோதான்."

கிளமெண்டுக்குப் பெங்களூர் குடோனில் மூட்டை தூக்கும் வேலை. சொந்த ஊரான மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறினால் இருட்டித்தான் வீடு. பதினோரு வருஷமாக இதே பிழைப்பு. முதுகு என்ன இரும்பா?

"மாத்திரையால ஈரல் கெட்டு வந்ததுல இந்த மாசம் இவரு நாலாவது ஆளும்மா. நாலு பேரும் ரயில்ல போறவங்க. அதான் கேக்கறேன்" என்றார் டாக்டரம்மா.

வராந்தாவில் சகாயம் நின்றிருந்தான். கிளமெண்டோடு தினமும் ஒரே பெட்டியில் போகிறவன். பியாட்ரிஸ் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா சாப்ட்டாரு? மறைக்காம சொல்லுங்க."

"டப்பாவுலதான் அண்ணி..."

அந்தப் பெட்டி ஆட்களுக்குப் பொதுவாக ஒரு பிஸ்கட் டப்பா இருந்ததாம். அவனவனுக்குக் கிடைத்த வலி மாத்திரையை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி அதில் போடுவார்கள். வெட்டிய துண்டில் பேர் ஏது? வலிக்கிறவன் கையை விட்டு எடுத்துக்கொள்வான். வேர்க்கடலை மாதிரி டப்பா கை மாறும்.

"வெள்ளை, மஞ்சள், நீட்டு, உருண்டைன்னு இருந்துச்சு. வேற வேற மாத்திரைன்னு நெனச்சோம் அண்ணி. எல்லாம் ஒரே மருந்து, சேந்து அளவு மீறிடுச்சுன்னு டாக்டரம்மா இப்பதான் சொன்னாங்க."

அப்பாடா! தெரியாமல்தான் சாப்பிட்டிருக்கிறான். பியாட்ரிஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் சகாயம் அதோடு நிற்கவில்லை.

"வெள்ளிக்கிழம டப்பாவ மடியில வெச்சுக்கினு ஒக்காந்திருந்தாரு. யாருக்கும் குடுக்கல. அன்னிக்குத்தான் மேஸ்திரி, முதுகு போன ஆளு வேணாம், இனிமே வராதன்னுட்டான்."

"வேல போச்சா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே பாவி மனுஷன்!"

வெள்ளிக்கிழமை ராத்திரி அவன் இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டானே. சாகப் போகிறவன் ரசம் கேட்பானா? கேட்டாலும் கேட்பானோ? அவளுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. நேரே வார்டுக்குள் போனாள்.

"வேணும்னே சாப்ட்டீங்களா?"

கிளமெண்ட் உலர்ந்த உதட்டை நக்கிக்கொண்டான். "வலி போனா போதும்னு இருந்துச்சு பியா. ஒண்ணு போட்டேன், போகல. இன்னொண்ணு போட்டேன். அப்புறம் எத்தினின்னு பாக்கல."

"பாக்க மறந்துட்டீங்களா, பாக்க வேணாம்னு விட்டுட்டீங்களா?"

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சத்தியமா தெரியல பியா. நீயே சொல்லு."

டாக்டரம்மா பேனாவோடு வாசலில் நின்றார். "எழுதிக்கோங்க டாக்டர்" என்றாள் பியாட்ரிஸ். எதை எழுதச் சொல்வது என்று தெரியாமல், புருஷனின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.