பைய ஊத்துங்க

கடகடகடவென்று காருக்கு அடியில் யாரோ தகர டப்பாவில் கருங்கல்லைப் போட்டுக் குலுக்கினார்கள்.

ஆரிப் பிரேக்கை மிதித்தான். சத்தம் நின்றது. மறுபடி ஸ்டியரிங்கை ஒடித்து நகர்த்தினான். கடகடகட! பாளையங்கோட்டை மார்க்கெட் முனையில், வளைவின் நட்டநடுவில், அவனுடைய பழைய காண்டெஸா வயிற்றுவலிக்காரனைப் போல முனகிக்கொண்டு நின்றது. பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரனாலேயே வைதது.

"நேரா போவும்வே. நேரா போனா சத்தமே இல்ல" என்றான் பக்கத்து சீட்டில் இருந்த மெக்கானிக் கிங்ஸ்லி.

"நேராவே போனா தூத்துக்குடிதான் வரும். திரும்பாம மேலப்பாளையத்துக்கு எப்படிவே போறது?"

கிங்ஸ்லி தாடையைச் சொறிந்தான். வண்டியின் கோளாறு பிடிபடாவிட்டால் அவன் தாடையைச் சொறிவான். இந்த வாரம் தாடை புண்ணாகியிருந்தது.

எல்லாம் பெருநாளன்று ஆரம்பித்த வினை. ஆரிப்பின் மாமனார் அகமது மீரான் ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் வியாபாரி. வீடு வாழைத்தோப்புக்கு நடுவில். பிரதான ரோட்டிலிருந்து வீடு வரைக்கும் மண்பாதை. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் பாதை பாயசம். பெருநாள் விருந்துக்குப் போன காண்டெஸா அந்தப் பாயசத்தில் இறங்கியது. இடது பின்சக்கரம் சேற்றில் கிடந்து காற்றாடியாகச் சுற்றியது. கெட்டித் தரையில் நின்ற வலது சக்கரமோ விருந்துக்கு வந்த புதுமாப்பிள்ளை மாதிரி அசையவே இல்லை. என்னவென்று பார்க்க இறங்கிய மனைவி ஷம்ஸியாவின் புதுப் பட்டுச்சேலை மேல் தலைப்பிலிருந்து கரை வரை சேறு.

கடைசியில் மாமனாரின் டிராக்டர் வந்து, கயிறு கட்டி, வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. மச்சினி அர்வா அதை வீடியோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டாள். அன்றிலிருந்து ஆரிப்புக்குப் புதுப்பெயர்: டிராக்டர் மச்சான்.

"வளைவுல திரும்பும்போது வெளிச்சக்கரம் கூடுதலா ஓடணும், உள்சக்கரம் கொறச்சலா ஓடணும். அதுக்குத்தான் நடுவுல டிஃபரன்ஷியல்" என்று கிங்ஸ்லி அப்போது விளக்கியிருந்தான். "ஆனா அது ஒரு சோம்பேறி. எந்தச் சக்கரம் சுலபமா சுத்துதோ அதுக்கே எஞ்சின் பலம் முழுசையும் தூக்கிக் குடுத்துரும். சேத்துல கெடக்கவனுக்கு முழுப் பந்தி, தரையில நிக்கவனுக்குப் பட்டினி. லிமிடெட் ஸ்லிப்புன்னு ஒண்ணு இருக்கு. உள்ள தட்டு தட்டா அடுக்கி ரெண்டு பேரையும் புடிச்சு வச்சுக்கிடும். ஒருத்தன் வழுக்குனாலும் மத்தவன் இழுப்பான்."

ஆரிப் அந்தக் கணமே அதை மாட்டிவிடுவதென்று முடிவு செய்தான். அர்வாவின் நிச்சயதார்த்தம் வருகிறது. மொத்த சொந்தமும் அந்தத் தோப்புக்குள் கூடும். ஷம்ஸியாவும் ஒரு முடிவு செய்திருந்தாள்.

"இங்க பாருங்க மச்சான். இன்னொரு தடவ டிராக்டர் கயிறு இந்த வண்டில பட்டுச்சுன்னா, சாவிய என் கையில தந்துரணும். காயலான் கடையில போட்டாலும் ஏன்னு கேக்கப்படாது."

"சாவிய வச்சு நீ என்ன செய்யப்போற?"

"எனக்கும் லைசென்ஸ் இருக்கு. நீங்க ஸ்டியரிங்க தொட விட்டாத்தான?"

கோயம்புத்தூரில் ஒருவர் பழைய வண்டிகளுக்கு இந்தச் சாமானைக் கடைந்து கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு வரவழைத்தார்கள். மரப்பெட்டிக்குள் எண்ணெய் மினுங்கும் இரும்பு உருண்டை. கூடவே பெயரில்லாத ஒரு சின்ன பிளாஸ்டிக் பை, உள்ளே தேன் நிறத்தில் எண்ணெய். கிங்ஸ்லி மூலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தான். உவரிக் கடற்கரையில் பிறந்தவன்.

"மாதாவே! வள்ளத்துக்குப் பூசுத மீன் எண்ணெய் மாதிரி நாறுது. துரு புடிக்காம இருக்க வச்சிருப்பான்" என்று சொல்லி, வொர்க்‌ஷாப் ஷட்டருக்கு ரெண்டு சொட்டு விட்டுவிட்டு, மிச்சத்தை வாய் மடித்து ஆணியில் மாட்டினான். ஷட்டர் வெண்ணெயாக இறங்கியது.

பொருத்தும் முறையைக் கோயம்புத்தூர்க்காரர் போனில் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டு இருவரும் கேட்டார்கள்.

"ஏனுங்க, எல்லாம் மாட்டினதும் மொதல்ல பைய ஊத்துங்க. அப்புறம் மிச்ச ஆயில ஊத்தி மூடிருங்க. மறந்துராதீங்க, பைய ஊத்தலைன்னா சத்தம் வருமுங்க."

"பைய ஊத்துததுல என்னைய மிஞ்ச ஆளு கெடையாது" என்றான் கிங்ஸ்லி. குழந்தைக்குக் கஞ்சி புகட்டுவது போல, புனலில் மெள்ள மெள்ள ஆயிலை ஊற்றினான்.

அப்படி ஊற்றியதற்குத்தான் இந்தக் கடகட.

வண்டியைத் திரும்பவும் கழற்றினார்கள். தட்டுகளைத் துடைத்து, எண்ணி, அடுக்கினார்கள். கோயம்புத்தூருக்குப் போன் போட்டார்கள்.

"பைய ஊத்தினீங்களா?"

"பையதான் ஊத்துனேன்."

"முழுசாவா?"

"முழுசும் பையதான்."

"அப்ப சத்தம் வரக்கூடாதுங்களே!"

கிங்ஸ்லி ஆரிப்பைப் பார்த்தான். "இன்னும் பைய ஊத்தணும் போல."

இந்த முறை அவன் ஊற்றிய வேகத்தில் ஆரிப் ஒரு டீ குடித்து, வடை தின்று, இன்னொரு டீயும் குடித்துவிட்டான். நூல் மாதிரி இறங்கிக்கொண்டே இருந்தது ஆயில். ஆரிப்புக்கு அந்தப் புனலைப் பிடுங்கிக் கிங்ஸ்லியின் தலையில் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது.

மூடி, இறக்கி, முதல் வளைவு. கடகடகட!

ஆரிப்பின் பொறுமை அங்கேயே அறுந்தது. வொர்க்‌ஷாப்புக்குத் திரும்பியதும் கிங்ஸ்லியின் போனைப் பிடுங்கிக் கோயம்புத்தூரைக் கூப்பிட்டான்.

"என்னங்க சாமான் அனுப்பியிருக்கீரு? ரெண்டு தடவ பையதான் ஊத்தியாச்சு. இதுக்கு மேல பைய ஊத்தணும்னா சொட்டு சொட்டாத்தான் விடணும்!"

"பைய எதுக்குங்க சொட்டு சொட்டா விடறீங்க? வெட்டி ஒரேயடியாக் கவுத்துங்க!"

"பைய... வெட்டியா?"

"ஏனுங்க, அந்த ஊர்ல கத்திரிக்கோல் கெடைக்காதுங்களா?"

ஆரிப் மெதுவாகக் கழுத்தைத் திருப்பினான். கிங்ஸ்லி ஏற்கெனவே திருப்பியிருந்தான். ஆணியில் அந்தப் பை தொங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க சொன்னது... பை?"

"பின்ன? அந்தப் பைக்குள்ள இருக்குற எண்ணெய்தானுங்க தட்டுகளை வழுவழுன்னு உரச வைக்கும். அது இல்லைன்னா ஒண்ணையொண்ணு புடிச்சுக் கடிச்சுக்கும். அதான் சத்தம். நீங்க என்னத்தை ஊத்துனீங்க?"

"மெதுவா ஊத்துனோம்" என்று சொல்லிவிட்டு ஆரிப் போனை வைத்தான்.

"அவன் மேல தப்பு. பைய-ன்னா பையதானவே? பைய-ன்னா எப்படிவே பை ஆவும்?" என்று கிங்ஸ்லி பொரிந்தான்.

"ஏலே, வாய மூடிட்டு அந்தப் பைய ஊத்துலே!"

கிங்ஸ்லி பையை எடுத்து, பழக்கதோஷத்தில், பையவே ஊற்றினான்.

எண்ணெய் தட்டுகளுக்குள் ஊறுவதற்காகக் காலி மைதானத்தில் எட்டு எட்டாக வண்டியைச் சுற்றினார்கள். லைசென்ஸுக்கு எட்டுப் போட வந்த பையன்கள் பைக்கை ஓரங்கட்டிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடகட என்றது. பிறகு கடக் என்றது. பிறகு ஒன்றுமே இல்லை. ஆரிப் ஸ்டியரிங்கில் முத்தம் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை, நிச்சயதார்த்தம். ஷம்ஸியா புதுச்சேலையில் ஏறி உட்கார்ந்தாள். ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் ஆரிப் டிஃபரன்ஷியலைப் பற்றியே பேசினான். தோப்புப் பாதை வந்தது. கியரை மாற்றி, பல்லைக் கடித்து, வண்டியை உள்ளே விட்டான்.

டயருக்கு அடியில் நறநறவென்று சத்தம். சேறு இல்லை. குண்டு குழி இல்லை. பாதை நெடுக ஜல்லி அடித்து, ரோலர் விட்டு, அரண்மனைச் சாலை மாதிரி கிடந்தது.

வீட்டு வாசலில் வெள்ளைச் சட்டையில் நின்ற அகமது மீரான் முகமெல்லாம் சிரிப்பு. "எப்படி மருமவனே பாதை? நீங்க ஒவ்வொரு தடவையும் செரமப்படுதீங்களேன்னுதான் ஜல்லி அடிச்சு விட்டேன். இனிமே எந்த ஓட்டை வண்டியும் ஜம்முன்னு வரும்!"

ஓட்டை வண்டி. ஆரிப்பின் காதில் அந்தச் சொல் கடகடவென்று உருண்டது. இத்தனை கழற்றல், இத்தனை மாட்டல், கோயம்புத்தூர்க்காரனிடம் பட்ட அவமானம், எல்லாம் இந்த ஜல்லிக்காகவா?

"மாமா, எனக்கு ஜல்லியே தேவையில்ல. வண்டி சேத்துலயும் போவும்."

"சரி சரி, உள்ள வாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துருவாங்க."

வாசலில் நின்ற அர்வா வாயைப் பொத்திக்கொண்டாள். "டிராக்டர் மச்சான், சேறு வேணும்னா அந்தா இருக்கு."

பாதைக்குப் பக்கத்தில், வாய்க்கால் பாய்ந்து முடித்த வெற்று வயல், கறுப்பு அல்வாவாக மின்னியது.

"மச்சான், வேண்டாம்" என்றாள் ஷம்ஸியா. அவன் ரிவர்ஸ் கியர் போடுவதைப் பார்த்ததும், சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஜல்லியில் குதித்து இறங்கினாள். போன தடவைப் பாடம்.

"பைய! மருமவனே, பைய!" என்று மாமனார் கத்தினார்.

இந்த ஒரு சொல்லை இனி வாழ்நாளில் கேட்பதில்லை என்று ஆரிப் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். காண்டெஸா வயலுக்குள் பாய்ந்தது. போயிற்று. நிஜமாகவே போயிற்று. ஒரு சக்கரம் வழுக்க, மறு சக்கரம் இழுக்க, பாதி வயல் வரைக்கும் ராஜா மாதிரி போயிற்று. "பாத்தியா!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினான். அந்த இடத்தில்தான் கெட்டித் தரை முடிந்தது. இரண்டு பக்கமும் ஒரே சேறு.

இடது சக்கரம் சுற்றியது. வலது சக்கரமும் சுற்றியது. அண்ணன் தம்பி போல ஒற்றுமையாக, ஒரே வேகத்தில், ஒரே ஆழத்துக்குக் குழி தோண்டி, இரண்டும் அச்சு வரைக்கும் இறங்கின.

தோப்புக்கு அந்தப் பக்கம் டிராக்டர் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. அர்வா போனைத் தூக்கினாள்.

முழங்கால் வரை சேறும் முகமெல்லாம் தெறித்த பொட்டுமாக ஆரிப் ஜல்லிக்கு ஏறி வந்தான். ஷம்ஸியா உள்ளங்கையை நீட்டினாள். அவன் சாவியை வைத்தான்.

"காயலான் கடையா?" என்றான்.

அவள் கழுத்தை நீட்டி வயலைப் பார்த்தாள். "எந்தச் சக்கரம் சுத்துச்சு?"

"ரெண்டும்."

"அப்ப கிங்ஸ்லி அண்ணன் வேல சரியாத்தான் இருக்கு. சரியில்லாதது ஓட்டுத ஆளுதான்." கயிறு கட்டும் ஆளைப் பார்த்துவிட்டுத் தங்கைக்குக் குரல் கொடுத்தாள். "ஏட்டி அர்வா, அவங்கட்ட பம்பரு பத்திரம்னு சொல்லு! திரும்பிப் போகையில நான்தான் ஓட்டணும்."

"நீயா? ஷம்ஸியா, அந்த கியரு..."

"நீங்க பக்கத்துல உக்காந்து டிஃபரன்ஷியலப் பத்திச் சொல்லிட்டு வாங்க, கேக்கேன்."

சொல்லிவிட்டு, கைப்பையின் ஜிப்பைத் திறந்து, சாவியைப் பையப் பைக்குள் போட்டு மூடினாள்.