மருதப்பன் கேட்ட ஆழம்

பேச்சிராஜுக்கு யாரிடமும் மாட்டேன் என்று சொல்ல வராது. சங்கரன்கோவிலில் பாத்திரங்களுக்கு லேசரில் பேர் வெட்டும் கடை வைத்திருந்தான். மூன்று வருடம் காத்திருந்து பொன்செல்வியைக் கட்டப் போகிறான். அவளுடைய அப்பா மருதப்பன் முகம் கோணினால் கல்யாணம் போச்சு என்பது அவன் பயம். அந்த மருதப்பன் சீர்ப் பாத்திரங்களோடு கடைக்கு வந்தார்.

"எம் மக பேரு நல்லா ஆழமா விழணும் மாப்ள. இரவல் போற பாத்திரம். நாலு வீடு சுத்தினாலும் அழியப்படாது."

லேசர் விட்டு விட்டு அடிக்கும். ஒவ்வொரு அடியும் கண் சிமிட்டும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குதான். அந்த நேரத்தைக் குறைத்தால், சூடு பரவுவதற்குள் எழுத்து விழும் இடம் மட்டும் ஆவியாகிவிடும். நீட்டினால் சூடு சுற்றிலும் பரவித் தகட்டை உருக்கும். பேச்சிராஜுக்கு இதெல்லாம் அத்துப்படி. மாமனாரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அண்டாவுக்கு நேரத்தை நீட்டினான். பேர் கறுப்பாக, தடவிப் படிக்கிற மாதிரி விழுந்தது. மருதப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"செம்புக்கும் இதே மாதிரி."

"அது தகடு லேசு மாமா..."

"இன்னும் கொஞ்சம் கூட்டுங்க."

கூட்டினான். அவர் சொல்லச் சொல்ல அதே எழுத்தின் மேல் பத்து முறை ஓட்டினான். செம்பு லேசாக நெளிந்தது. அதுவும் ஒரு அழகுதான் என்றார் மருதப்பன்.

மறுநாள் கல்யாணத் தேதி குறிக்கப் பேச்சிராஜின் பெரியப்பா பெண் வீட்டுக்குப் போனார். மனைவி தடுத்தும் கேளாமல் மருதப்பன் அந்தப் புதுச் செம்பிலேயே தண்ணீர் கொடுத்தார். பெரியப்பா அண்ணாந்ததும் செம்பின் கழுத்தில் இருந்த பொன்செல்வி என்ற பேரின் ஒவ்வொரு சுழியிலிருந்தும் தண்ணீர் பீச்சியடித்து அவர் வேட்டி முழுக்க நனைந்தது. எழுந்திருக்கக் கூச்சப்பட்டு, பாவம், அரை மணி நேரம் உட்கார்ந்தே இருந்தார். தேதிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

சாயங்காலம் பொன்செல்வி போன் செய்தாள். "அத்தான், ஓட்ட விழும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பெறவு ஏன் வெட்டுனீங்க?"

"மாமா சொன்னாவ."

"எங்கய்யா எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாவ. நானும் அம்மையும் படுத பாடு போதும். அவ்வொகிட்ட மாட்டேன்னு சொல்லத் தெரியாத ஆளு எனக்கு வேண்டாம். தேதி இன்னும் குறிக்கல, பாத்துக்கோங்க."

பேச்சிராஜ் இராத்திரி முழுக்க மாட்டேன் என்று சொல்லிப் பழகினான்.

காலையில் மருதப்பன் வேறு செம்போடு வந்துவிட்டார். "இந்தத் தடவ ரொம்ப வேண்டாம் மாப்ள. கொஞ்சம் மட்டும் ஆழமா."

பேச்சிராஜ் செம்பை வாங்கிக்கொண்டான். "மாட்டேன் மாமா. நீங்க வெளிய உக்காருங்க."

மருதப்பன் அவனையே பார்த்தார். பிறகு வெளியே போனார். பேச்சிராஜ் கதவைச் சாத்தி, நேரத்தைக் குறைத்து வெட்டினான். பேர் மெல்லிசாக, பிசிறில்லாமல் விழுந்தது. செம்பு சுடவேயில்லை, அவனுக்குத்தான் வேர்த்துக் கொட்டியது.

செம்பை வாங்கிய மருதப்பன் அதில் விளிம்பு வரை தண்ணீர் பிடித்து, தன் வேட்டிக்கு மேலேயே நீட்டிப் பார்த்தார். ஒரு சொட்டுகூட விழவில்லை. போனை எடுத்தார்.

"ஏட்டி செல்வி, மாப்ள என்னையக் கடைய விட்டு வெளிய அனுப்பிட்டாருட்டி. நம்ம வீட்டுக்கு இப்படி ஒரு ஆளுதான் வேணும். ஒங்கம்மைய நாள் பாக்கச் சொல்லு."