ஐம்பத்தொன்பது இருபது

...இல்லை, இன்றைக்கும் சொல்ல மாட்டேன், எனக்கே தெரியும், இந்த வீராப்பெல்லாம் பாலம் வரைக்கும்தான், பாலத்தைத் தாண்டியதும் வாயில் பூட்டு விழுந்துவிடும், ஏழு ஞாயிறாக இதே கதைதான். மூச்சை ஒழுங்காக விடு, மூக்கால் இழு, வாயால் விடு, முன்னால் இருபது அடியில் பேங்க் சார் போகிறார், மூன்று வருடமாக அந்த வழுக்கைப் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டேதான் ஓடுகிறேன், என் வீட்டுக்காரரின் பின்னந்தலையைக்கூட இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. ஏரியை இரண்டு சுற்று, சுற்றுக்கு ஐந்து கிலோமீட்டர், ஞாயிறு காலை ஆறு மணி, பதினாறு பேர். ஓட்டக்காரர் சங்கம் என்று ஜம்பமாகப் பலகை மாட்டியிருக்கிறோமே தவிர, உண்மையில் ஓடுகிறவர் என்று நாலு பேர் தேறினால் பெரிது, மற்றதெல்லாம் சர்க்கரை, முட்டிவலி, டாக்டர் மிரட்டியது, வீட்டிலிருந்து ஒரு மணி நேரம் தப்பித்தால் போதும் என்று வந்தது. நான் எதற்கு வந்தேன்? வீட்டில் நான் அம்மா, அப்புறம் "இங்க பாரு", லேப்பில் நான் சிஸ்டர், இங்கே வந்த முதல் நாளே ரத்தம் எடுக்கிற வேலை என்று சொன்னதும் ஊசி என்று பேர் வைத்துவிட்டார்கள். அந்தப் பேர் எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது, ஊசி என்று கூப்பிட்டால் திரும்புகிற வேகத்தில் சொந்தப் பேருக்குத் திரும்புவேனா என்பது சந்தேகம்தான். அந்தப் பேர் போய்விடுமே என்றுதான் பயம், வேறு ஒன்றுமில்லை, மெடலா கொடுத்தார்கள் திருப்பித் தர, ஒரு பலகையில் ஒரு பேர், அவ்வளவுதான். ஆனால் பொய் சொன்னவளை எவ்வளவு செல்லமாகக் கூப்பிட முடியும்? ஊசி என்பார்கள், ஆனால் அது வேறு ஊசியாக இருக்கும்.

இடது கால் இன்றைக்கு நன்றாக இருக்கிறது, இரண்டாவது சுற்று, இதோ நாணல் ஆரம்பிக்கிறது, இன்னும் கொஞ்ச தூரத்தில் அந்தக் கழிப்பறை, அதை ஒட்டி நடைபாலம். அன்றைக்கும் இதே இரண்டாவது சுற்றுதான், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வைக்கிற நேர ஓட்டம், பத்து கிலோமீட்டரை ஒரு மணிக்குள் முடிப்பவர்கள் பேர் கறுப்புப் பலகையில் ஏறும், எனக்கு அந்த ஆசையே கிடையாது, சத்தியமாக, எனக்கு வயிற்றைக் கலக்கியது, அவ்வளவுதான் நடந்தது. உள்ளே போய்விட்டு இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்தால் முன்னாலும் பின்னாலும் ஈ காக்கை இல்லை, எல்லாருமே என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்றுதான் பட்டது. எங்கள் வழக்கம் ஒன்று உண்டு, கடைசி ஆள் வந்து சேரும்வரை ஒருத்தரும் கிளம்பக்கூடாது, நின்று கை தட்டிவிட்டுத்தான் போகவேண்டும். பதினைந்து பேரும் எனக்காக வெயிலில் நிற்கப்போகிறார்கள், எங்களோடு ஓடுகிற பல் டாக்டருக்கு எட்டு மணிக்கு கிளினிக், எல்லாரையும் காக்க வைப்பேனே என்று பதறிப்போய்த்தான் பாலத்தில் ஏறினேன். ஏரியின் வால் மாதிரி நீண்டுகிடக்கிற பகுதியை அப்படியே வெட்டிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கிவிடலாம், அறுநூறு மீட்டர் மிச்சமாகும். போனதும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன், நினைத்தேனா, இல்லை இப்போது அப்படி நினைத்ததாக நினைத்துக்கொள்கிறேனா... போனால், தையல் மாஸ்டர் கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "அம்பத்தொம்பது இருபது!" என்று கத்துகிறார். முட்டி போனதிலிருந்து மாஸ்டர் ஓடுவதில்லை, கடிகாரத்தோடு நிற்பதுதான் அவர் வேலை, அந்த மனுஷன் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. முன்னாலேயே வந்துவிட்டவர்கள் எல்லாரும் கட்டிப்பிடித்தார்கள், யாரோ என்னைத் தூக்கவே பார்த்தார்கள், நான் வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது. அதற்கப்புறம் எப்போது சொல்வது?

பேங்க் சார் எனக்குப் பின்னால் வந்தார், ஒரு மணி நாற்பது விநாடி, நாற்பது விநாடியில் பலகை போச்சு. மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்து, "எப்ப என்னைத் தாண்டினீங்க, நான் கவனிக்கவே இல்லையே" என்றார். அந்த ஒரு வாக்கியம் ஏழு வாரமாக என் காதுக்குள்ளேயே குடியிருக்கிறது. அன்று மாலையே வீட்டுக்காரர் தெரிந்தவர் தெரியாதவர் அத்தனை பேரிடமும் தம்பட்டம் அடித்தாயிற்று, என் மகள் என் போட்டோவைத் தன் போனில் முகப்பில் வைத்துக்கொண்டிருக்கிறாள், "எங்கம்மா ஓடுவாங்க தெரியுமா" என்று சிநேகிதிகளிடம் சொல்கிறாளாம், இதைவிட யாராவது என்னைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம். ஓட்டம் முடிகிற படகு நிறுத்துமிடத்தில், அந்தப் பலகை மாட்டியிருக்கிற துடுப்பு அறைக்குள் நான் அதற்கப்புறம் போகவே இல்லை, தண்ணீர்க் கேன் எடுக்கக்கூட வேறு யாரையாவது அனுப்புவேன்.

லேப்பில் என் பேச்சைக் கேட்டால் சிரிப்பு வரும். "சாப்பிடாமத்தானே வந்தீங்க?" என்று அதட்டிக் கேட்பேன், "பச்சைத் தண்ணி பல்லுல படல சிஸ்டர்" என்பார்கள், ரிசல்ட்டில் சர்க்கரை நூற்று எண்பது நிற்கும். யாரை ஏமாத்தறீங்க, என்னையா, உங்களையா என்று பெரிய நியாயஸ்தி மாதிரி கேட்பேன். போன வியாழக்கிழமை ஒரு அம்மா, கையில் ரப்பர் கட்டி, நரம்பு தேடி, பஞ்சால் துடைத்தும் ஆயிற்று, திடீரென்று "வேண்டாம் சிஸ்டர், வர்ற வழியில ரெண்டு பிஸ்கட் தின்னுட்டேன், நாளைக்கு வரேன்" என்றார். எனக்கு ஒரு டியூப் லேபிள் வீண், திட்ட வேண்டியவள் திட்டவில்லை. அவர் படியிறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன், பையை வீசிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி. எனக்குப் பொறாமையாக இருந்தது. பிஸ்கட் தின்றதை ஒத்துக்கொண்ட ஒரு பொம்பளை மேல் எனக்குப் பொறாமை!

பாலம்... வந்துவிட்டது, கழிப்பறைக் கதவு அதே மாதிரி பாதி திறந்து கிடக்கிறது, பேங்க் சார் பாலத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வளைகிறார், நானும் வளைகிறேன், இந்த அறுநூறு மீட்டரை ஏழு வாரமாக மற்ற இடங்களைவிட அழுத்தி மிதித்து ஓடுகிறேன், அன்றைக்கு விட்டதை இன்றைக்குப் போட்டு நிரப்பிவிடலாம் என்கிற மாதிரி, அது நடக்குமா... தாண்டியாயிற்று. வாயில் பூட்டு விழுந்ததா என்று தடவிப் பார்க்கிறேன், விழவில்லை போலிருக்கிறது. ரெண்டு பிஸ்கட் தின்னுட்டேன் சிஸ்டர், ரெண்டு பிஸ்கட் தின்னுட்டேன் சிஸ்டர் என்று காலுக்குத் தாளமாகச் சொல்லிக்கொண்டே வருகிறேன், அதோ படகு நிறுத்துமிடம், அதோ மாஸ்டர், பேங்க் சார் போய் நின்று குனிந்துவிட்டார், நான் நிற்பதற்கு முன்னாலேயே, "அறுபத்திரண்டு பத்து" என்று மாஸ்டர் சொல்லி முடிப்பதற்கு முன்னாலேயே, "மாஸ்டர், அன்னிக்கு அந்த அம்பத்தொம்பது இருபது பொய், நான் பாலத்துல குறுக்க வந்துட்டேன்" என்று கொட்டிவிட்டேன்.

எனக்கு என் ஷூ லேஸைத் தவிர வேறெதையும் பார்க்கத் தைரியமில்லை. பிறகு ஒரு தண்ணீர் பாட்டில் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, பேங்க் சாருடைய கை. "அப்பாடா, ஏழு வாரமா எனக்குக் கண்ணுதான் அவிஞ்சு போச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். அதற்கு நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை, தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது, நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த எதுவோ எழுந்து போய்விட்டது, உடம்பு காலி வீடு மாதிரி லேசாக இருந்தது. மாஸ்டர் கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "மொதல்ல மூச்சு வாங்கு. அப்புறம் போய்ப் பேரைத் துடைச்சிட்டு வாம்மா" என்றார், பட்டன் பிய்ந்த சட்டையை வைத்துவிட்டுப் போ என்று சொல்கிற அதே குரலில்.

அறைக்குள் துடுப்பு நாற்றம், சுவரில் பலகை, இத்தனை வருடத்தில் ஏறிய பதினொரு பேர், வெள்ளைப் பெயிண்டில் வரிசையாக, ஒன்பதாவது நான், ஊசி, 59:20. எனக்குக் கீழே பல் டாக்டரும் இன்னொருவரும், போன மாதம் தனியாக ஓடிக்காட்டி ஏறியவர்கள். பெயிண்டை எப்படித் துடைப்பது, தின்னர் இருக்கிறதா என்று அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தேன், வாசலில் வந்து நின்ற மாஸ்டர், "தின்னர் எதுக்கு, கையால துடை" என்றார். விரலை வைத்தேன், ஊ பாதி வந்துவிட்டது. சாக்பீஸ், துணியில் கோடு போடுகிற தட்டை சாக்பீஸ். பல் டாக்டர் பேரைச் சுரண்டிப் பார்த்தேன், நகம்தான் வலித்தது.

"சாக்பீஸ்ல கோடு போட்டுட்டுத்தானேம்மா துணில கத்தரி வைப்பேன்? பேரும் அப்படித்தான். ஒரு வாரம் விட்டுப் பாப்பேன், அப்புறம்தான் பெயிண்ட்."

"எல்லாருக்குமா மாஸ்டர்?"

"எல்லாருக்கும்தான்" என்றவர், கடைசி ஆள் வருகிறார் என்று வெளியே யாரோ குரல் கொடுக்க, முட்டியைப் பிடித்துக்கொண்டு கை தட்டப் போய்விட்டார்.

ஒரு வாரம்... நான் விரல் விட்டு எண்ணிப் பார்க்கிறேன், எண்ண என்ன இருக்கிறது, ஏழு, ஏழு ஞாயிறு, எனக்கு அப்புறம் ஏறியவர்களுக்கெல்லாம் பெயிண்ட் காய்ந்து கெட்டியாகிவிட்டது, அந்த டப்பாவைத் திறந்தபோதெல்லாம் பிரஷ் என் பேரைத் தாண்டித்தான் போயிருக்கிறது. மாஸ்டர் மட்டும்தானா? தண்ணீர்க் கேன் எடுக்க வாரம் ஒருத்தர் இங்கே வந்து போயிருக்கிறார்களே, அவர்களுக்குக் கண் இல்லையா, இவ்வளவு கிட்டத்தில் பார்த்தால் யாருக்கும் தெரிகிறதே... வெளியே கைதட்டல் கேட்டு ஓய்கிறது. ஆனால் ஒருத்தரும் கிளம்புகிற சத்தமே காணோம், சைக்கிள் ஸ்டாண்டு ஒன்றுகூட எடுக்கவில்லை, பேங்க் சார்தான் கத்துகிறார், "ஊசி, எல்லாரும் வந்தாச்சு, நீங்க ஒருத்தர்தான் பாக்கி!"