ஐம்பதாவது முட்டை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதாம் வருஷம், தை பிறந்து ஒரு வாரத்தில், கடத்தூருக்குக் குஞ்சு பொரிக்கும் மிஷின் வந்தது. கண்ணாடிக் கதவு வைத்த மரப்பெட்டி. பக்கவாட்டில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு, அதன் சூடு உள்ளே போக ஒரு குழாய், மேலே புகை போக ஒரு துளை. யூனியன் ஆபீஸ் கிடங்கில் காற்று அடிக்கும் என்பதால் மாதர் சங்கத்து ராஜமேரி வீட்டு முன்னறையில் அதை இறக்கினார்கள். கோழி வளர்ப்பில் ஐந்து நாள் பயிற்சிக்குச் சேலம் போய் வந்தவள் அந்த வட்டாரத்திலேயே அவள் ஒருத்திதான்.

ஐம்பது வெள்ளைக்கோழி முட்டைகள் அடுக்கப்பட்டன. ராஜமேரி தினம் மூன்று முறை அவற்றைத் திருப்பி வைத்தாள். தட்டில் தண்ணீர் குறையாமல் பார்த்தாள். ஆனால் விரிவாக்க அலுவலர் கிருஷ்ணப்பனுக்கு அந்தப் பெட்டியின் மேல் தாங்க முடியாத பெருமை. சித்தேரி மலையிலிருந்து பஸ் ஏறி ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அவர் கதவைத் திறந்து காட்டினார். அவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, "கோழி எங்கிங்க?" என்று கேட்டார்கள். "கோழியே கிடையாது, அதுதான் விசேஷம்" என்பார். ஒவ்வொரு தடவையும் பெட்டி ஆறிப்போனது.

பதினெட்டாம் நாள் ராஜமேரி இருட்டுக்காகக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, டார்ச் விளக்கில் முட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். வெளியே வந்தபோது முகம் வியர்த்திருந்தது.

"நாப்பத்தொம்பதும் கூழாப் போச்சுங்க சார். ஒண்ணுலதான் உசுரு இருக்குது."

கிருஷ்ணப்பன் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்தார். குஞ்சு பொரிப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சடித்துக் கொடுத்தாகிவிட்டது. மாவட்டத்துப் பெரிய அதிகாரி மாதையன் தருமபுரியிலிருந்து வருகிறார்.

"அந்த ஒண்ணு போதும்மா. அழைப்பிதழ்ல எண்ணிக்கை போடல" என்றார் கடைசியில்.

விழா நாள் விடியும்போது அந்த முட்டையில் ஒரு விரிசல் தெரிந்தது. உள்ளிருந்து மெல்லிய சத்தமும் கேட்டது. ராஜமேரி சந்தோஷப்படவில்லை. குஞ்சு முட்டையின் அகலமான பக்கத்தைத்தான் கொத்தும். அங்கேதான் காற்று இருக்கும். இது கூர்மையான பக்கத்தைக் கொத்தியிருந்தது. தலைகீழாகக் கிடக்கிறது என்று புரிந்தது.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. வாசலில் பந்தல், மேளம், ஒலிபெருக்கி. மாதையன் கனத்த உடம்புக்காரர். வந்ததும் மிஷினுக்கு மாலை போடச் சொன்னார்கள். அவர் போட்ட சாமந்தி மாலை புகைத்துளையை அடைத்துக்கொண்டது. மேளம் முடிவதற்குள் விளக்கு கரியடித்து அணைந்தது.

ராஜமேரி ஓடிப்போய் மாலையைப் பிடுங்கித் தரையில் போட்டாள். கூட்டம் முணுமுணுத்தது.

"ஐயா போட்ட மாலைங்க அது" என்றார் கிருஷ்ணப்பன்.

"ஐயாவுக்கே திருப்பிக் குடுத்துருங்க. விளக்கைத் தொடைச்சு ஏத்தி சூடு வர்றதுக்கு அரை மணியாவது ஆவும். அதுக்குள்ள முட்டை ஆறிரும்."

அவள் முட்டையை எடுத்து வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றினாள். கூட்டத்தில் நல்ல சூடான உடம்பு யாருடையது என்று பார்த்தாள். கோட்டு போட்டிருந்தவர் ஒருவர்தான்.

"ஐயா, கோட்டுக்குள்ள வயித்தோட ஒட்டி வெச்சுக்குங்க. அசையாதீங்க."

மாதையன் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் முட்டை உள்ளே போய்விட்டது. அவர் மேடை நாற்காலியில் இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் வைத்தபடி உட்கார்ந்தார். பஞ்சாயத்துத் தலைவர் மாலையோடு வந்தபோது எழுந்திருக்கவில்லை. கும்பிட்டவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டினார். கையெழுத்துக்காக நீட்டிய காகிதத்தில் இடது கையால் ஏதோ கிறுக்கினார். ஐயாவுக்கு வயிற்று வலி என்று பந்தலில் பேச்சு பரவியது. யாரோ ஓம வாட்டர் வாங்கி வந்து கொடுத்தார்கள். அதையும் குடித்தார்.

கால் மணி கழித்து அவர் கிருஷ்ணப்பனைப் பக்கத்தில் கூப்பிட்டார். "உதைக்குதய்யா" என்றார். "மேளத்தை நிறுத்தச் சொல்லு."

பெட்டியில் சூடு ஏறியதும் முட்டையை உள்ளே வைத்தார்கள். ஆனால் இந்த அலைச்சலில் ஓட்டுக்கு அடியிலிருந்த சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. சத்தம் குறைந்தது.

"நாமதான் எடுத்து விடணும்" என்றாள் ராஜமேரி.

கிருஷ்ணப்பன் மிஷினோடு வந்த புத்தகத்தைப் பிரித்தார். "பொரியும் நேரத்தில் எக்காரணத்தை முன்னிட்டும் உதவக் கூடாதுன்னு போட்டிருக்குதுங்க."

மாதையனுக்கு வேறு சந்தேகம் வந்தது. "நாம கை வெச்சா அது மிஷின் குஞ்சா, மனுஷக் குஞ்சா? பதிவேட்டுல எப்படி எழுதறது?"

"கோழிக் குஞ்சுன்னு எழுதுங்க" என்றாள் ராஜமேரி. பிறகு புருஷன் யாகப்பனிடம், "கடைவீதிக்குப் போயி ஷுக்கூர் பாயைக் கூட்டிட்டு வாங்க. சாமானோட வரச் சொல்லுங்க" என்றாள். பொடி வேலைக்கு அவள் கண் ஒத்துழைக்காது.

அப்துல் ஷுக்கூர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடியோடும் ஊசி போன்ற இடுக்கியோடும் வந்தார். முட்டையைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்.

"நான் வாச்சுதானேம்மா தொறந்திருக்கறேன்."

"இதுவும் உள்ள ஓடிக்கிட்டுத்தான் இருக்குது பாய். நிக்கறதுக்குள்ள பாருங்க."

இடுக்கியை வெந்நீரில் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். ஷுக்கூர் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டி, ஓட்டை அரிசி அரிசியாகப் பெயர்த்தார். ராஜமேரி பஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் தொட்டுச் சவ்வை நனைத்துக்கொண்டே இருந்தாள். மாதையன் முழங்காலில் நின்று அவர்களுக்கு மேல் குடை பிடித்தார். ஜன்னல் காற்று படக் கூடாதாம். முதலில் அலகு வெளியே தெரிந்தது. மூச்சுக்கு வழி கிடைத்ததும் அது பெரிதாகக் கத்தியது. வாசலில் கூட்டம் கை தட்டியது. மாதையன் திரும்பி முறைத்தார்.

"செகப்பா நரம்பு மாதிரி தெரியுதும்மா" என்றார் ஷுக்கூர்.

"நிறுத்துங்க. சவ்வுல இருக்கற ரத்தம் இன்னும் குஞ்சுக்குள்ள போவல. இப்ப இழுத்தா செத்துரும். திருப்பி உள்ள வெச்சுட்டு ரெண்டு மணி நேரம் சும்மா இருக்கணும்."

சும்மா இருப்பது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. விழா ஆரம்பித்திருந்தது, முடிக்க முடியாது. ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு எல்லோரும் ரகசியக் குரலில் சொற்பொழிவாற்றினார்கள். கோழி அபிவிருத்தியின் அவசியத்தைப் பற்றி கிருஷ்ணப்பன் உதடசைத்ததை முன்வரிசை மட்டும் கேட்டது. பின்வரிசை அவர் முகத்தைப் பார்த்துக் கை தட்டுவது போல் உள்ளங்கைகளைச் சேர்த்துப் பிரித்தது. காரிமங்கலத்தில் மத்தியானம் இருந்த இன்னொரு கூட்டத்துக்கு ஆள் அனுப்பி வர முடியாது என்று சொல்லிவிட்டார் மாதையன். காரணம் கேட்டதற்கு, "பிரசவம்னு சொல்லு" என்றார்.

இரண்டு மணிக்கு ஷுக்கூர் மறுபடி கண்ணாடியை மாட்டினார். சிவப்பு வற்றியிருந்தது. பாதி ஓட்டைத் தொப்பி போலக் கழற்றினார். தலை மடங்கி, காலுக்கு நடுவே சிக்கியிருந்தது. ராஜமேரி சுண்டுவிரலால் அதை மெல்ல நிமிர்த்தி, மீதி ஓட்டோடு பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"மிச்சத்தை அதுவே பார்த்துக்கணும். அப்பத்தான் காலுக்கு பலம் வரும்."

நாலு மணிக்கு மேல், கடைசி ஓட்டை உதைத்துத் தள்ளிவிட்டு, ஈரப் பஞ்சு போல ஒன்று வெளியே விழுந்தது. படுத்தே கிடந்தது. அப்புறம் தலையைத் தூக்கியது. மாதையன் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். கிருஷ்ணப்பன் வெளியே போய், "ஒண்ணு" என்று ஒற்றை விரலைக் காட்டினார். பந்தலில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அறிக்கையை மாதையனே எழுதினார். உயிருள்ள முட்டைகளில் நூற்றுக்கு நூறு பொரித்தது என்று எழுதினார். அதில் பொய் எதுவும் இல்லை. அதைப் படித்த மேலிடம் கடத்தூருக்கு இன்னும் மூன்று மிஷின்கள் ஒதுக்கியது. கிருஷ்ணப்பன் ஆணையை இரண்டு முறை படித்துவிட்டு ஒரு வாரம் லீவு போட்டார்.

குஞ்சின் இடது கால் கோணலாக இருந்தது. ராஜமேரி இரண்டு காலையும் நூலால் தளர்வாகக் கட்டி நான்கு நாளில் நேராக்கினாள். மாதையனிடமிருந்து மாதம் ஒரு கார்டு வந்தது. "கால் எப்படி? தீனி எடுக்கிறதா?" அவ்வளவுதான். அவளும், "நல்லா இருக்குதுங்க" என்று பதில் போட்டாள்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவள் வீடு திரும்பும்போது வாசலில் ஒருவர் நின்றிருந்தார். கோட்டு இல்லை, ஜீப் இல்லை. பஸ்ஸில் வந்திருந்தார். அடையாளம் தெரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றார் மாதையன். கையில் ஒரு பொட்டலத்தில் கம்பு வைத்திருந்தார்.

கொல்லைப்புறத்தில் வெள்ளைச் சேவல் மேய்ந்துகொண்டிருந்தது. அவர் குந்தி உட்கார்ந்து, கம்பை உள்ளங்கையில் கொட்டி நீட்டி, ஏதோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சேவல் ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது. பிறகு பறந்து வந்து அவர் வயிற்றில் இரண்டு காலாலும் ஓங்கி உதைத்தது. மாதையன் மல்லாந்து சாணிக்குழி ஓரத்தில் விழுந்தார். கம்பு சிதறியது. சேவல் அதைத் தின்ன ஆரம்பித்தது.

ராஜமேரி ஓடி வந்து, "ஐயோ, அடி பட்டுதுங்களா?" என்றாள்.

அவர் எழுந்திருக்க அவசரப்படவில்லை. படுத்தபடியே சேவலின் கால்களைக் கவனித்தார்.

"இடது கால்லதாம்மா பலமா உதைச்சான்" என்றார்.