ஜெபப் பட்டியலில் ஒரு வரி

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு டார்லா ப்ரூயிட் சபை அலுவலகத்துக் கணினிக்கு முன் உட்கார்ந்தால், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து அந்தச் சின்ன ஊரில் யாருக்கு எங்கே வலிக்கிறது என்பது மதியத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சபை வெப்சைட்டில் போடும் ஜெபப் பட்டியல் அவள் பொறுப்பு. பதினொரு வருடமாக அவள்தான் தட்டச்சு செய்கிறாள். பள்ளிப் பேருந்து ஓட்டும் வெல்டாவின் சர்க்கரையும், தீவனக் கடைக்காரர் ஆர்லோவின் மூட்டுவலியும், யாரோ ஒருவருடைய மருமகன் குடியை விட வேண்டும் என்ற விண்ணப்பமும் அவள் விரல் வழியாகத்தான் மேலே போகும்.

மற்ற சபைகளில் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். டார்லா அப்படியில்லை. நோய் என்ன, எப்போது ஆரம்பித்தது, என்ன செய்தால் வலிக்கிறது என்பதையெல்லாம் தேதியோடு எழுதுவாள். வலது ஓரத்தில் ‘பதில் கிடைத்த நாள்’ என்று இன்னொரு கட்டமும் வைத்திருந்தாள். "கடவுள்கிட்ட மொட்டையாக் கேக்கக் கூடாது. செஞ்சு குடுத்ததுக்கு அப்புறம் மறந்துபோகவும் கூடாது" என்பாள்.

இந்த வியாழக்கிழமை அவள் புதுப் பட்டியலைத் தொடவே இல்லை. இரண்டரை வருடத்துக்கு முந்தைய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, தான் எழுதிய ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

‘ராய்ஸ் ப்ரூயிட் (என் கணவர்). ஏணி ஏறும்போது நெஞ்சில் எரிச்சல். மார்ச் 9. பதில் கிடைத்த நாள்: ஏப்ரல் 20.’

அந்த வரிதான் இப்போது அவள் குடும்பத்தின் கழுத்தைப் பிடித்திருந்தது.

ராய்ஸ் கூரை வேய்கிறவன். அவனுக்கு முதலாளி அவனேதான். ஆகவே கம்பெனி தருகிற இன்சூரன்ஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. சொந்தமாக எடுக்கலாம் என்றால் மாதத் தவணை வீட்டுக் கடனோடு போட்டி போட்டது. அந்த நேரத்தில்தான் ஒலிவக்கிளை ஐக்கியம் பற்றித் தெரியவந்தது. இது இன்சூரன்ஸ் இல்லை, விசுவாசிகள் ஒருவர் மருத்துவச் செலவை ஒருவர் பகிர்ந்துகொள்வது என்றார்கள். குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது, ஒழுங்காகச் சபைக்குப் போக வேண்டும், பாஸ்டர் கையெழுத்துப் போட வேண்டும். செலவு இன்சூரன்ஸில் பாதிக்கும் கீழே.

மாதாமாதம் ஒரு பெயர் வரும். ஐடஹோவில் ஒருவருக்குப் பித்தப்பை, டென்னசியில் ஒரு குழந்தைக்குக் கை முறிவு. காசோலையை நேராக அவர்கள் வீட்டுக்கே அனுப்ப வேண்டும், கூடவே ஒரு அட்டையும். டார்லா ஒவ்வொரு அட்டையிலும் ஒரு நீலக்குருவி வரைவாள். "எந்த இன்சூரன்ஸ் கம்பெனியாவது உங்களுக்குக் குருவி வரைஞ்சு அனுப்புமா?" என்று கேட்டே ஆறு குடும்பங்களைச் சேர்த்துவிட்டாள். பொய் ஒன்றும் சொல்லவில்லை. வெல்டாவுக்குக் குடலிறக்க அறுவை நடந்தபோது ஐக்கியம் கடைசி டாலர் வரை கட்டியது. சபையே எழுந்து நின்று கைதட்டியது.

சேரும்போது படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: ‘கடந்த மூன்று ஆண்டுகளில் ஏதாவது நோயோ அறிகுறியோ, சிகிச்சை எடுத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், உண்டா?’ அது ஆகஸ்ட் மாதம். ராய்ஸின் நெஞ்செரிச்சலுக்கு ஏப்ரலிலேயே பதில் கிடைத்துவிட்டது என்று அவள் கையாலேயே எழுதியிருக்கிறாள். ‘உண்டு’ என்று போட்டால் கடவுள் செய்ததைச் சந்தேகப்படுவது போல ஆகாதா? கொஞ்சமும் தயங்காமல் ‘இல்லை’ என்று எழுதினாள். ஏமாற்றுகிறோம் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

இந்த வருடம் செப்டம்பர் கடைசியில், ஆர்லோவின் தீவனக் கடைக் கூரையில் வேலை செய்துகொண்டிருந்த ராய்ஸ், பாதி ஏணியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். ஆர்லோ தாங்கிப் பிடித்திராவிட்டால் அன்றே கதை முடிந்திருக்கும். ஆஸ்பத்திரியில் ஒரு அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் இரண்டு குழாய்கள் அடைத்திருக்கின்றன, எட்டு வாரத்துக்குள் நெஞ்சைத் திறந்து அறுவை செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

அன்று நர்ஸ் கேட்டாள்: "இதுக்கு முன்னாடி இந்த மாதிரி வந்திருக்காம்மா?"

டார்லா பயத்தில் இருந்தாள். பயம் வந்தால் கடவுள் செய்த நன்மையைச் சாட்சி சொல்வது அவளுக்குப் பழக்கம். "வந்துச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மார்ச்சுல. சபையே ஜெபிச்சுது. ஏப்ரல் இருபதாம் தேதி சுத்தமா நின்னுபோச்சு. எழுதியே வச்சிருக்கேன். இந்தத் தடவையும் அவர் பார்த்துப்பார்" என்றாள். நர்ஸ் தலையை ஆட்டிக்கொண்டே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். கடவுளின் மகிமைக்காகச் சொன்னது ஆஸ்பத்திரிக் கோப்பில் நோயின் வரலாறாகப் போய் உட்கார்ந்தது.

ஐக்கியத்திலிருந்து கார்லிஸ் என்ற பெண் போன் செய்தாள். தேன் போன்ற குரல்.

"சிஸ்டர் டார்லா, பிரதர் ராய்ஸ் எப்படி இருக்காங்க? நாங்க தினமும் ஜெபிக்கிறோம்."

"நல்லா இருக்கார். அந்த ஆபரேஷன் விஷயம்..."

"அதைப் பத்திதான் பேசணும். நீங்க சேர்றதுக்கு முன்னாடியே அறிகுறி இருந்திருக்குன்னு ஆஸ்பத்திரிப் பேப்பர்ல இருக்கு. உங்க சபை வெப்சைட்லயும் இருக்கு. முன்னாடியே இருந்ததை நாங்க பகிர்ந்துக்க முடியாதே."

"அது நின்னுபோச்சும்மா! அதனாலதான் ‘இல்லை’ன்னு எழுதினேன்."

"நின்னுபோச்சுன்னு டாக்டர் சொன்னாரா?"

டார்லா பேச்சை மாற்றினாள். "அப்ப ரெண்டு வருஷமா நாங்க அனுப்பின பணம்?" என்றாள்.

"அது நீங்க மனசார மத்தவங்களுக்குக் குடுத்த அன்பளிப்பு சிஸ்டர். இது இன்சூரன்ஸ் இல்லை, யாரும் கட்டாயம் குடுக்கணும்னு இல்லைன்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்கோம். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப உங்களுக்காக ஒரு நிமிஷம் ஜெபிக்கட்டுமா?"

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? போனைக் காதில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த ஜெபம் முழுவதையும் நின்றே கேட்டாள். ஆமென் கூடச் சொன்னாள். போனை வைத்துவிட்டு, கையில் இருந்த பாத்திரம் துடைக்கும் துணியைச் சுவரில் விசிறி எறிந்தாள்.

மேல்முறையீடு செய்தார்கள். பாஸ்டர் கேலன் மூன்று பக்கக் கடிதம் எழுதினார். ஐக்கியம் கையை விரித்துவிட்டது. ஆனால் ‘விசேஷ ஜெபத் தேவை’ என்று ராய்ஸின் பெயரை எல்லோருக்கும் அனுப்பியது. அதன்பின் அட்டைகள் வர ஆரம்பித்தன. ஒன்றில் இருபது டாலர், ஒன்றில் ஐந்து டாலரும் பின்னல் சிலுவையும். ஐடஹோவிலிருந்து வந்த அட்டையில் யாரோ ஒரு பெண் குருவி வரைந்திருந்தாள், டார்லா வரைவதைவிட அழகாக. டார்லாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கெட்டவர்கள் என்றால் திட்டித் தீர்க்கலாம். குருவி வரைந்து அனுப்புகிறவர்களை என்ன சொல்லித் திட்டுவது?

ஆஸ்பத்திரியோ முன்பணம் கேட்டது. உயிர் போகிற அவசரத்தில் வந்தால் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்வார்களாம். நாள் குறித்துச் செய்கிற அறுவைக்கு மட்டும் பணம் முன்னால் வர வேண்டுமாம்.

"அப்ப இன்னொரு தடவை ஏணியில சரிஞ்சாப் போதும், சேர்த்துப்பாங்க" என்றான் ராய்ஸ். சமையலறை மேசையில் சபைப் பெண்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் தட்டு இருந்தது. மேலே ஒரு விரல் கனத்துக்குச் சீஸ். அடைத்த குழாய்க்காரனுக்கு அன்பாகச் சமைத்துக் கொடுத்திருந்தார்கள்.

"வாயை மூடு ராய்ஸ். சிரிக்கிற நேரமா இது?"

"இன்சூரன்ஸ் எடுக்கலாமே. அரசாங்க வெப்சைட்ல. பழைய நோயைக் காட்டித் தள்ளக் கூடாதுன்னு சட்டமே இருக்காம், ஆர்லோ சொன்னான்."

"நவம்பர்ல எழுதினா ஜனவரி ஒண்ணுலேருந்துதான் செல்லும். டாக்டர் சொன்ன எட்டு வாரம் நவம்பர்லயே முடியுது." இரண்டு வருடமாக அந்த இன்சூரன்ஸை அவள் பண்ணாத கேலி இல்லை. அதை இப்போது தன் வாயாலேயே சொல்வது மருந்து விழுங்குவதுபோல் இருந்தது. "எல்லாம் என்னாலதான். நான் நர்ஸ்கிட்ட வாயைக் குடுத்திருக்கக் கூடாது. நின்னுபோன வியாதியை எதுக்குச் சொல்லணும்?"

ராய்ஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"அது நிக்கலை டார்லா."

"என்னது?"

"ஏப்ரல்ல நிக்கலை. ஒரு வாரம் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. நீ கேட்டே, பரவாயில்லைன்னேன். அடுத்த ஞாயித்துக்கிழமை நீ சபையில எழுந்து நின்னு அழுதே. பாஸ்டர் அழுதார். ஆர்லோ என்னைக் கட்டிப் பிடிச்சான். அதுக்கப்புறம் திரும்ப எரியுதுன்னு எப்படிச் சொல்றது? ட்ரக்ல டப்பா டப்பாவா வாயு மாத்திரை மென்னுக்கிட்டு ஓட்டிட்டேன்."

டார்லாவுக்கு அவனை அறைய வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அவன் முன்னால் இருந்த தட்டை இழுத்து, சீஸ் முழுவதையும் குப்பையில் வழித்துப் போட்டாள்.

"அன்னிக்கே டாக்டர்கிட்ட போயிருந்தா மாத்திரையோட போயிருக்கும்டா, பாவி!" என்று கத்தினாள். அதன்பிறகுதான் அழுதாள். அவனை டாக்டரிடம் அனுப்பாமல் பட்டியலில் எழுதிவிட்டுத் திருப்தியாகத் தூங்கியவள் தானே என்பது அழுகையின் நடுவில் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் கேலன் வழக்கம்போல, "ஜெப விண்ணப்பம் யாருக்காவது உண்டா?" என்று கேட்டார். டார்லா எழுந்தாள். எல்லோரும் பரிவோடு திரும்பினார்கள்.

"முதல்ல ஒரு திருத்தம். ராய்ஸுக்கு ஏப்ரல் இருபதாம் தேதி குணமாச்சுன்னு சொன்னேன். ஆகலை. எனக்குச் சந்தோஷமா இருக்கட்டும்னு அவன் மறைச்சிட்டான். அவனால உண்மையைச் சொல்ல முடியாதபடி ஆக்கினது நான். நாம எல்லாரும்தான்."

சபையில் யாரோ இருமினார்கள். முன்வரிசையில் ராய்ஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

மூன்றாவது வரிசையில் ஜோயெல் உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதக் கர்ப்பிணி. அவளும் அவள் புருஷனும் வேலையில் கிடைக்கும் இன்சூரன்ஸை விட்டுவிட்டு ஐக்கியத்தில் சேரப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஐக்கியத்துக்கு இழுத்தது டார்லாதான்.

"அக்கா, அப்ப நாங்க சேர வேண்டாமா?" என்று அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"சேராதேன்னு நான் சொல்லலை. வெல்டாவுக்குக் கட்டினாங்க, அது நெஜம். அவங்க நல்லவங்கதான், எனக்குக் குருவியெல்லாம் வரைஞ்சு அனுப்பறாங்க. ஆனா நீ ஒரே ஒரு கேள்வி கேளு. ‘கஷ்டம் வந்தா நீங்க குடுத்தே ஆகணுமா, இல்ல மனசு இருந்தா குடுப்பீங்களா?’ன்னு கேளு. பதிலை எழுதி வாங்கு. நான் கேக்கலை. குருவிய நம்பிட்டேன். மனசு இருந்தா குடுப்பேங்கறவன் குடுக்கலைன்னா அவன்கிட்ட சண்டை போடக்கூட வழியில்லை ஜோயெல். போன்ல ஆமென்தான் சொல்ல முடியும்."

பாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டார்லா விடவில்லை.

"இன்னொண்ணு. ஜெபம் பண்ணுங்க, நானும் பண்றேன். ஆனா ஜெபம் டாக்டருக்குப் பதிலா ஆகாது. அன்பு, எழுதிக் குடுத்த உத்தரவாதத்துக்குப் பதிலா ஆகாது. ரெண்டையும் ஒண்ணுன்னு நெனைச்சதுக்கு என் புருஷன் நெஞ்சுல ரெண்டு அடைப்போட, அரசாங்க வெப்சைட்ல எடுக்கப்போற இன்சூரன்ஸ் செல்லுபடியாகற ஜனவரி வரைக்கும் உட்கார்ந்திருக்கான்."

உட்கார்ந்தாள். கைதட்டல் இல்லை, ஆமென் இல்லை. ஜோயெல் மட்டும் கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

அடுத்த வியாழக்கிழமை டார்லா மறுபடி சபைக் கணினிக்கு முன் உட்கார்ந்தாள். பழைய பக்கத்தில் ‘ஏப்ரல் 20’ஐ அழித்து அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாள். புதுப் பட்டியலில் முதல் வரியாக, ‘ராய்ஸ் ப்ரூயிட். இதயத்தில் இரண்டு அடைப்பு. அறுவை ஜனவரி முதல் வாரம். அதுவரை தாங்க வேண்டும்’ என்று எழுதினாள். வலது ஓரத்தில் ‘பதில் கிடைத்த நாள்’ கட்டத்துக்கு முன்னால் புதிதாக இன்னொரு கட்டம் போட்டாள். அதற்கு ‘டாக்டரைப் பார்த்த நாள்’ என்று பெயர்.

சற்று நேரத்தில் ஆர்லோ போன் செய்தார். "டார்லா, என் மூட்டுவலியைப் பட்டியல்ல இந்த வாரமும் போட்டுடும்மா. இப்ப இடது தோள்லயும் வலி இறங்குது."

"டாக்டர்கிட்ட எப்பப் போனீங்க ஆர்லோ?"

"போகலை. பட்டியல்ல போட்டாப் போதும்னு..."

"தேதியைச் சொல்லுங்க, அப்புறம் போடறேன்" என்று சொல்லி டார்லா போனை வைத்தாள்.