செக்குகளைப் பிடித்த ஞானி

ஞானேஸ்வரனுக்குத் தெரியாத விஷயமில்லை; தெரிந்ததில் காசாகிறது ஒன்றுமில்லை. லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் வீடு வீடாகப் போய், வெந்நீர்ப் பொயிலர் திருத்துகிற மனுஷன், உள்ளூர் கவுன்சில் நடத்தும் கிரேக்கத் தத்துவ வகுப்புக்கும் போய்வந்து, கேட்டதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் மனைவி ஜெகதீஸ்வரிக்கு ஒப்பிப்பார். அவளுடைய தம்பி டினேஷுக்கோ பக்கத்துச் செவன் கிங்ஸில் மூன்று வீடுகள். வரும்போதெல்லாம் அவனுக்கு ஒரே பல்லவிதான்: "அத்தான், இவ்வளவு அறிவிருந்தும் இன்னும் வாடகை வீடுதானே?" ஜெகதீஸ்வரிக்கு வயிறு எரியும். ஞானேஸ்வரன் சிரிப்பார். அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் எரிச்சல்.

ஒருநாள் வகுப்பிலிருந்து வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "ஜெகா, என்னைப்போல ஒராள் அங்கையும் இருந்திருக்கிறார்!"

பழைய கிரேக்கத்தில் ஒரு ஞானியாம். உன் ஞானத்தால் என்ன பிரயோசனம், நீ ஏழைதானே என்று ஊர் கேலி செய்ததாம். அவர் வானத்தைப் பார்த்து, வரும் வருஷம் ஒலிவ மரங்கள் காய்த்துக் குலுங்கும் என்று கணித்து, குளிர்காலத்திலேயே எண்ணெய்ச் செக்குகளையெல்லாம் மலிவாக வாடகைக்குப் பிடித்துவிட்டார். அறுவடை வந்ததும் ஊரே அவர் வாசலில். அவர் சொன்னதுதான் விலை. ஞானி நினைத்தால் பணக்காரனாகலாம், அவனுக்கு அதில் நாட்டமில்லை, அவ்வளவுதான் என்று காட்டிவிட்டாராம்.

"உது நடக்குமோ எண்டு ஒருக்காப் பாக்கவேணும்," என்றார்.

"பாருங்கோவன், ஆர் வேண்டாம் எண்டது?" ஜெகதீஸ்வரியே தூண்டிவிட்டாள்.

லண்டனில் ஒலிவத் தோட்டத்துக்கு எங்கே போவது? கலியாணங்களுக்குத்தான் குறைவில்லை. பஞ்சாங்கத்தைப் புரட்டினால், அடுத்த கோடையில் சனி ஞாயிறில் விழுகிற நல்ல முகூர்த்தம் ஒன்றே ஒன்று. நம்மவர்கள் சாதகம் பொருந்தி, சம்பந்திச் சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகுதானே மண்டபம் தேடுவார்கள்! ஞானேஸ்வரன் மார்கழிக் குளிரில் அலைந்து, கிழக்கு லண்டனில் நம்மவர்கள் எடுக்கிற மண்டபங்களையெல்லாம் அந்த ஒரு நாளுக்குப் பிடித்துவிட்டார். இருந்த சேமிப்பெல்லாம் அட்வான்ஸாகப் போனது.

வசந்தம் வந்ததும், மண்டபக்காரர்கள் இவரைக் கைகாட்டிவிட, தொலைபேசி ஓயவில்லை. முதல் ஆளிடம் கூச்சப்பட்டுக் கொஞ்சம்தான் கூட்டிக் கேட்டார். அடுத்தவரிடம் கூச்சம் இல்லை. அதற்குப் பிறகு, "யோசிச்சுச் சொல்லுறன்" என்று இழுக்கப் பழகினார். வேறு வழியில்லாதவன் அந்த மௌனத்தில் என்ன செய்கிறான் என்று காதைக் கூர்மையாக்கிக் கேட்டார். ஜெகதீஸ்வரிக்கு முதலில் புளகாங்கிதம்தான். வங்கிக் கணக்கைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள்.

மிஞ்சிய கடைசி மண்டபத்தைக் கேட்டு அழைத்தது டினேஷ்; ஞானேஸ்வரன் ஸ்பீக்கரில் போட்டார். அவன் மகள் ஜதுர்ஷிகாவுக்கு அதே நாளில் கலியாணம்.

"அத்தான், நீங்கள்தான் மனம் வைக்கவேணும்." தம்பியின் அந்தக் கெஞ்சும் குரலைக் கேட்க ஜெகதீஸ்வரி எத்தனை வருஷம் காத்திருந்தாள்! ஆனால் அவள் கண் கணவர் முகத்தைவிட்டு அகலவில்லை.

"உமக்கெண்டபடியால் சொல்லுறன்," என்று தொடங்கி, இதுவரை யாரிடமும் கேட்காத விலையைக் கேட்டார். டினேஷ் மறுபேச்சுப் பேசவில்லை. "ஓம் அத்தான்," என்றான்.

ஜெகதீஸ்வரிக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம் வந்தது. காசில்லாத மனுஷனோடு இத்தனை காலம் மல்லுக்கட்டி வாழ்ந்துவிட்டாள். இந்தப் புது மனுஷனோடு எப்படி வாழ்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பழைய ஆள் திரும்பி வந்தால் போதும் என்றிருந்தது.

"வெண்டிட்டியள். இனிக் காணும்தானே?" என்று, இதோடு நிறுத்தச் சொல்லிப் பார்த்தாள்.

"ம்."

"ஒண்டு கேக்கட்டே? அந்த ஞானி அடுத்த வருசமும் செக்குகளைப் பிடிச்சவரோ?"

ஞானேஸ்வரன் யோசித்தார். "வகுப்பிலை அது சொல்லேல்லை."

"நீங்கள்?"

அவர் அவளைப் பார்க்கவில்லை.

"போன கிழமையே அட்வான்ஸ் குடுத்திட்டன்."